கொடியில் காய்ந்த மாடி

காலேஜ் விட்டு வந்து ரேழியில் செருப்பைக் கழற்றினேன். முற்றத்துக் கொடியில், ருக்கு அத்தையின் ஒன்பது கஜத்துக்குப் பக்கத்தில், வெள்ளைத் துணி ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. அவ்வளவு மெல்லிசு. ஆடிக் காற்றில் எழும்பி எழும்பி விழுந்தது. அதன் ஒரு மூலையிலிருந்து இளஞ்சிவப்பாக நீர் சொட்டியது.

சித்திக்கு ரவிக்கைத் துணி எடுத்திருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டே தாண்டிப் போனேன். நாலு எட்டு வைத்ததும் கால் நின்றுவிட்டது.

அந்தச் சிவப்பு எனக்குத் தெரிந்த சிவப்பு. முந்தின ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, மசியில் தொட்டுத் தொட்டு நானே இழுத்த சிவப்பு. பிளானில் பழைய சுவர் கறுப்பு, புதிதாகக் கட்டப்போகும் சுவர் சிவப்பு. அப்படித்தான் காட்ட வேண்டும்.

கொடியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது எங்கள் வீட்டு மாடி அறை!

போன வாரம் நான் எழுதிய, காவிரிப் பாலத்தில் சைக்கிள் பழகிய கதையைப் படித்துவிட்டு, 'உங்கள் வீட்டில் யாரும் உங்களைக் கண்டிக்கவே மாட்டார்களா?' என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். கண்டிக்க ஆள் இருந்தது. முழு நேர வேலையாக இருந்தது. அந்த ருக்கு அத்தையைப் பற்றித்தான் இந்த வாரம்.

பக்தி மிகுந்த தம்பதி

ஆறேழு வருஷத்துக்கு முந்தைய சமாச்சாரம். அப்போது ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் எங்கள் வீடு. அகலம் ஒரு மாட்டுவண்டி திரும்பாது. நீளம் மட்டும் ரயில் வண்டி. ரேழி, கூடம், முற்றம், சமையலுக்குத் தளிகை உள், இரண்டாம் கட்டு, கிணறு, கொல்லை என்று பெட்டி பெட்டியாகக் கோத்திருக்கும். இரண்டு பக்கச் சுவரும் பக்கத்து வீட்டுக்காரர்களோடு பொது. பக்கத்து வீட்டில் தும்மினால் எங்கள் வீட்டில் 'நூறு வயசு' சொல்வார்கள்.

அப்பா, அண்ணா சம்பத், நான், சித்தப்பா, சித்தி, அவர்களுடைய மூன்று பிள்ளைகள். எல்லாருக்கும் மேலே ருக்கு அத்தை, அப்பாவின் அக்கா. என் அம்மா நான் சின்னவளாக இருந்தபோதே போய்விட்டாள். அதிலிருந்து வீட்டை நடத்துவது அத்தைதான்.

இந்த ரயில் வண்டியில் கோமளா மன்னி வந்து ஏறினாள். அண்ணாவுக்குக் கல்யாணமான புதிது. கதவு வைத்த அறை என்று எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்று இருந்தது. அதில் நெல் மூட்டை இருந்தது.

ஆண்கள் கூடத்தில், பெண்கள் இரண்டாம் கட்டில். அண்ணாவும் மன்னியும் ஒரு வார்த்தை தனியாகப் பேசவேண்டுமென்றால் கோவிலுக்குத்தான் போகவேண்டும். போனார்கள். தினமும் போனார்கள். வேலை முடிந்து பொன்மலையிலிருந்து அண்ணா வந்ததும் வராததுமாக முகம் கழுவி, திருமண் இட்டுக்கொண்டு, "சேவிச்சுட்டு வரோம்" என்று கிளம்பிவிடுவார்கள். பெரிய பிராகாரமாகப் பார்த்து மூன்று சுற்று.

"இந்தக் காலத்துல இப்படி ஒரு பக்தியைப் பார்க்க முடியுமோ!" என்று எதிர்வீட்டு மாமி அத்தையிடம் சொல்லி உருகினாள். அத்தைக்கும் பெருமை தாங்கவில்லை.

ஒரு நாள் சாப்பிடும்போது அண்ணா சொன்னான்: "தென்னூர்ல என் சிநேகிதனுக்குத் தெரிஞ்சவர் வீட்ல ஒரு போர்ஷன் காலியாறது. ரெண்டு ரூம். ஆவணி ஒண்ணாந்தேதி வரைக்கும் எனக்காக வெச்சிருப்பாராம்."

அத்தை அவன் இலையில் ரசத்தை விட்டுக்கொண்டே இருந்தாள். ரசம் இலையைத் தாண்டி ஓடியது.

அப்பா மறுநாளே மாடியில் ஒரு அறை எடுப்பது என்று தீர்மானித்துவிட்டார். பிள்ளை ஒருவன், அவன் காவிரிக்கு அக்கரையில் குடித்தனம் போவதை அவரால் தாங்க முடியாது. அண்ணாவும் ஒரு சலுகை தந்தான்: ஆடி முடிவதற்குள் முனிசிபாலிட்டி அனுமதி கைக்கு வந்துவிட்டால் யோசிக்கிறேன், வராவிட்டால் தென்னூர்.

ஆடி பிறந்ததும், கல்யாணமான முதல் வருஷம் என்பதால், வழக்கப்படி மன்னியைப் பிறந்தகத்துக்கு அனுப்பினார்கள். பிறந்தகம் எங்கே? மண்ணச்சநல்லூர். கொள்ளிடத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம். அரிசி மில் புகை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் ஒரு பிரிவு! அண்ணா காளிதாச யட்சன் மாதிரி வடக்கே பார்த்துக்கொண்டு நின்றான். ஞாயிறானால் பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டு வந்தான்.

எனக்குப் பிடித்த புஸ்தகம்

மாடி எடுப்பது அவ்வளவு சுலபமில்லை. மனுப் போட வேண்டும். லைசென்ஸ் வாங்கின சர்வேயர் ஒருவர் போட்ட பிளான் வேண்டும். தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில், ஒரு கடைக்கு மேல், சவரிமுத்து சாரின் ஆபீஸ் இருந்தது. அப்பா போகும்போது நானும் தொற்றிக்கொண்டேன்.

சார் மேஜையில் கட்டட விதிகள் புஸ்தகம் கிடந்தது. அழுக்கு நீல அட்டை. சும்மா புரட்டினேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது.

அறையின் உயரம் இவ்வளவுக்குக் குறையக் கூடாது. ஜன்னல் தரைப்பரப்பில் இத்தனையில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். அந்த ஜன்னல் உன் சொந்த ஆகாசத்தைப் பார்த்துத் திறக்க வேண்டும், அடுத்தவன் ஆகாசத்தைப் பார்த்து அல்ல. தெருவுக்கு மேல் எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கொல்லையில் வானம் பார்த்த வெளி விட வேண்டும். ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் மூச்சு முட்டிய யாரோ ஒருவர் இருப்பதாக எனக்குத் தோன்றியது. ஒரு மனிதனுக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்களே!

நான் கேட்ட கேள்விகளில் சார் களைத்துப்போனார். "அம்மா, நீங்க இந்தப் புஸ்தகத்தை வீட்டுக்கே எடுத்துட்டுப் போங்க. என்னை வேலை செய்ய விடுங்க" என்றார். நான் போகவில்லை. கடைசியில் டிராயிங் பலகையைக் காட்டி, "கோடு நேரா வருமா?" என்று கேட்டார். வந்தது. இன்றைக்கு அதே ஆபீசில் அதே பலகைக்கு முன்னால் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கிறேன் என்றால் அந்தக் கேள்விதான் காரணம்.

விதிப்படி எல்லாம் சரியாக வந்துகொண்டிருந்தபோது, புஸ்தகத்தில் இல்லாத ஒரு விதியை அத்தை எடுத்துப் போட்டாள்.

"வாசப்பக்கம் மாடியா? பெருமாள் எழுந்தருளற வீதிடீ இது. அவர் கீழே போயிண்டிருப்பார், இவா அவர் தலைக்கு மேல கட்டில் போட்டுண்டு படுத்துப்பாளா?"

அண்ணாவுக்குக் கோபம் வந்தது. எனக்கு வரவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு அது ரொம்பவும் பிடித்திருந்தது. அத்தையிடமும் ஒரு கட்டட விதி இருக்கிறது! சவரிமுத்து சாரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "நியாயம்தானேம்மா. எங்க தெருவுல மாதா தேர் வந்தா நாங்களும் மாடியில நிக்க மாட்டோம்" என்றார்.

அறையைப் பின்பக்கம் தள்ளினோம். ஒரு ஜன்னல் எங்கள் முற்றத்தைப் பார்த்து, ஒரு ஜன்னல் எங்கள் கொல்லையைப் பார்த்து. பார்க்கப்போனால் காற்று முன்னைவிட நன்றாகவே வரும். அத்தையின் விதி அறைக்கு நல்லதே செய்தது.

துணியா, காகிதமா?

பிளான் போடும் முறை இப்படி. முதலில் காகிதத்தில் பென்சிலால் போடுவோம். பிறகு அதன்மேல் டிரேசிங் துணியை விரித்து மசியால் நகல் எடுப்போம். அந்தத் துணியிலிருந்து நீலப் பிரிண்ட் எடுத்து, எல்லாவற்றையும் மனுவோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். பிரிண்ட் எடுக்குமுன் வீட்டுச் சொந்தக்காரர் துணியில் கையெழுத்துப் போட வேண்டும். அப்பா கையெழுத்துக்காகத் திங்கட்கிழமை அதைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

அப்பா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கையெழுத்திட்டார். சித்தப்பா பிள்ளைகள் கைபடாமல் இருக்கட்டுமென்று, தளிகை உள் வாசலுக்கு மேலே இருந்த பலகையில் சுருளை வைத்தேன். அது அத்தையின் மடிச் சாமான் வைக்கும் பலகை. அந்த வீட்டிலேயே பத்திரமான இடம்; ஏனென்றால் யாரும் அதைத் தொடப் பயப்படுவார்கள்.

மடி என்றால் என்னவென்று தெரியாத வாசகர்களுக்கு: குளித்து, உலர்த்தின துணியை உடுத்தி, யார்மேலும் படாமல் சமைப்பது. வெளியே போய்வந்த துணி பட்டால் மடி போச்சு. அந்தத் துணியை நனைத்து உலர்த்த வேண்டும். பட்டுக்கு இந்தத் தோஷம் இல்லை. கம்பளிக்கு இல்லை. காகிதத்துக்கு இல்லை. நூல் துணிக்கு மட்டும் உண்டு. ஏன் என்று கேட்கக் கூடாது. முனிசிபாலிட்டியில் மட்டும் எல்லாவற்றுக்கும் ஏன் தெரிகிறதா?

செவ்வாய்க்கிழமை காலை நான் புஸ்தகத்தை அடுக்கிக்கொண்டிருந்தபோது அத்தை பலகையைப் பார்த்துக் கேட்டாள்.

"என்னடி வைதேகி அது? காகிதமா, துணியா?"

ஒரே ஒரு வார்த்தை. 'காகிதம்' என்று சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. ஆனால் எனக்கு அந்தச் சாமானைப் பற்றி அவ்வளவு பெருமை!

"காகிதம்னு நெனச்சேளா அத்தை? துணி! அசல் நூல் துணி. சீமையிலேருந்து வரது. கப்பல்ல வந்து, மெட்ராஸ்ல இறங்கி, ரயில்ல வந்து, தெப்பக்குளத்து ஆபீஸ்ல எத்தனை பேர் கை பட்டிருக்கு தெரியுமா!"

சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடிவிட்டேன்.

சாயம் போற பிளான்

சாயங்காலம் முற்றத்தில் நின்று நான் போட்ட சத்தத்தில் எல்லாரும் வந்துவிட்டார்கள். அத்தை கையில் கரண்டியோடு வந்தாள்.

"ஏண்டி கத்தறே? நனைச்சுத்தானே போட்டேன்?"

"கோடெல்லாம் எங்க அத்தை?"

அத்தை துணியைக் கிட்டே போய்ப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு திகைப்பை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் தோற்றுப்போகிற ஆளா?

"சாயம் போற பிளானை எவண்டி போட்டது?"

அப்போதுதான் அண்ணா உள்ளே வந்தான். துணியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், புரிந்துகொண்டான். குரலை உயர்த்தாமல் சொன்னான். அதுதான் பயமாக இருந்தது.

"வேணும்னுதான் நனைச்சிருக்கா. மாடி வரப்படாதுன்னு ஆரம்பத்துலேருந்தே அத்தைக்கு எண்ணம். சரி, நான் தென்னூர்க்காரருக்கு நாளைக்கே சொல்லிடறேன்."

அத்தை கரண்டியைக் கீழே வைத்தாள். மடித்துணியைக் கைபடாமல் உலர்த்துகிற மடிக்கோலை எடுத்து, ஏற்கெனவே நேராக இருந்த புடவையை நேராக்க ஆரம்பித்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணா, நான்தான் துணின்னு சொன்னேன். ஆயிரம் கை பட்டதுன்னும் சொன்னேன். அத்தை கேட்டுட்டுத்தான் செஞ்சா" என்றேன்.

"உன்னை யாருடி அவ்வளவு விவரமா சொல்லச் சொன்னா?" என்றான் அண்ணா. கோபம் பாதி என் பக்கம் திரும்பிவிட்டது. எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் மனுவைக் கொடுத்தாக வேண்டும். அப்போதுதான் ஓவர்சியர் வந்து பார்த்து, அந்த மாதக் கமிட்டிக்குப் போகும். தப்பினால் அடுத்த மாதம். அடுத்த மாதம் என்பது ஆவணி. ஆவணி என்பது தென்னூர்.

அந்த ஈரத் துணியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு திரும்பவும் பஸ் ஏறினேன்.

சவரிமுத்து சார் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். அடங்கவில்லை. கண்ணில் தண்ணீர் வர, மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"மன்னிச்சுக்கங்கம்மா. இருபது வருஷமா பிளான் போடறேன். ஆடு தின்ன பிளான் பார்த்திருக்கேன். மடி பண்ணின பிளான் இதுதான் முதல் தடவை."

"வேற துணி குடுங்க சார். பென்சில் பிளான்தான் இருக்கே, ராவோட ராவா போட்டுடறேன்."

"அதாம்மா சங்கடம். உங்களுக்குக் குடுத்ததுதான் கடைசித் துண்டு. மெட்ராஸ்லேருந்து வர ரெண்டு வாரம் ஆவும்."

எனக்கு அழுகை வந்தது. சார் அதைப் பார்த்துவிட்டு, ஏதாவது பேசவேண்டுமே என்பதற்காகப் பேசினார். "இது என்ன பெரிய அதிசயத் துணியா? மல்லுத் துணிதான். கஞ்சியைப் போட்டு, இஸ்திரி போட்டு, பளபளன்னு ஆக்கி அனுப்பறான் வெள்ளைக்காரன்."

கஞ்சி!

"சார், பென்சில் பிளானைக் குடுங்க" என்றேன்.

மண்ணச்சநல்லூர் வைத்தியம்

எங்கள் வீட்டில் யாருக்கும் கஞ்சி போடத் தெரியாது. அத்தை தன் துணிக்குக் கஞ்சி போடுவதில்லை. சித்தி சாதம் வடித்த கஞ்சியில் கைக்குட்டை ஒன்றை நனைத்துக் காயவைத்தாள். அதில் மசிக் கோடு போட்டேன். கோடு பூரான் மாதிரி கால் விட்டது.

"கோமளாவுக்குத் தெரியும்" என்றான் அண்ணா. மன்னியின் அப்பா அந்த ஊர் ஹெட்மாஸ்டர். அவருடைய ஜிப்பா தானாகவே நிற்கும் என்பது அந்தப் பக்கத்தில் பிரசித்தம். நிறுத்தி வைத்தது மன்னி.

புதன்கிழமை முதல் பஸ்ஸில் அண்ணா போனான். ஆடியில் மன்னியைக் கூட்டி வர முடியாது. ஆனால் மன்னி சொல்வதைக் கூட்டி வரலாமே! ஒன்பது மணிக்குள் திரும்பிவிட்டான். ஒரு பொட்டலம் ஜவ்வரிசியும், நோட்டுத் தாள் நிறைய மன்னியின் கையெழுத்தும். மேலே, 'தண்ணீர் கொதித்த பிறகு போடவும். முன்னால் போட்டால் களி' என்று இருந்தது. கீழே வேறு ஏதோ இருந்தது. அந்தப் பாகத்தை அண்ணா மடித்துப் பிடித்துக்கொண்டு படித்தான்.

அடுப்பு தளிகை உள்ளில். அது அத்தையின் ராஜ்யம். நான் வாசலில் நின்று தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

அத்தை ஜவ்வரிசியைப் பார்த்தாள். "அடுப்புல கொதிச்சா பத்து" என்றாள். சமைத்த பண்டத்தைத் தொட்ட கை பத்து. அந்தக் கையால் வேறெதையும் தொடக் கூடாது. "பத்துக் கஞ்சியைத் துணில தடவி, அதுல நீ வீட்டை வரைஞ்சு, அந்த வீட்டுல குழந்தைகள் குடியிருக்கணும். அப்படித்தானே?"

"ஆமாம் அத்தை."

முந்தின நாள் அண்ணா சொன்னது இன்னும் அந்த உள்ளிலேயே நின்றுகொண்டிருந்தது போலிருந்தது. பிறகு வெண்கலப் பானையை எடுத்து அடுப்பில் வைத்தாள்.

"கை பத்துன்னா அலம்பிக்கலாம். நகரு. நீ போட்டா கட்டி தட்டும்."

அத்தை கிண்டினாள். அண்ணா தாளைப் படித்தான். "கொழகொழன்னு வந்ததும் இறக்கணுமாம் அத்தை." "எனக்குத் தெரியும்டா, இறக்க." முந்தின நாள் சண்டைக்குப் பிறகு இருவரும் பேசிக்கொண்ட முதல் வார்த்தைகள்.

துணியை முக்கி, பிழியாமல் எடுத்து, மொட்டை மாடியில் விரித்தோம். ஆடிக் காற்று! நாலு மூலைக்கும் நாலு பேர்: அண்ணா, நான், சித்தி, அத்தை. பக்கத்து மாடிக்காரர்கள் நின்று பார்த்தார்கள். "என்ன மாமி, கொடியேத்தமா?" என்று ஒருவர் கேட்டார். அத்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு மூலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வெயிலில் அசையாமல் நின்றாள்.

காய்ந்ததும் கரி இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினோம். மசி ஓடாமலிருக்க மேலே வெள்ளைப் பொடி தூவித் துடைக்க வேண்டும். பொடிக்கு எங்கே போவது? அப்பா எழுந்துபோய்த் தன் திருமண் கட்டியை எடுத்துவந்து என்னிடம் நீட்டினார். அரைத்துத் தூவினேன்.

ஒரு ஓரத்தில் ஒரு கோடு போட்டேன். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். கோடு நின்றது. கத்தி மாதிரி நின்றது!

அன்று பொழுது சாயும்வரை கறுப்பு. மறுநாள் விடிந்ததும் சிவப்பு. அப்பா மறுபடியும் கண்ணாடியைத் துடைத்தார், மறுபடியும் கையெழுத்துப் போட்டார். வியாழக்கிழமை மத்தியானம் மனு உள்ளே போய்விட்டது.

டேப்பின் மறுமுனை

ஒரு வாரம் கழித்து ஓவர்சியர் துரைராஜ் வந்தார். காக்கி அரைக்கால் சட்டை, தோல் உறைக்குள் டேப், கையில் எங்கள் பிளான்.

துணியைத் தடவிப் பார்த்தார். மோந்து பார்த்தார். "என்னங்க இது, பிளான்ல இஸ்திரி வாசனை அடிக்குது?" என்றார். அப்பா இருமினார். நான் வேறெங்கோ பார்த்தேன்.

மாடியை அளந்தார். பிளானில் உயரம் சரி. ஜன்னல் சரி. கீழே கொல்லைக்கு வந்தார். டேப்பின் ஒரு முனையைக் கிணற்றடியில் யாராவது பிடிக்க வேண்டும். நான் இன்னும் மாடிப்படியில் இருந்தேன். அப்பா வாசலில். கிணற்றடியில் நின்றது அத்தை மட்டும், குளித்து, மடியாக.

ஓவர்சியர் டேப்பை நீட்டிவிட்டு, சங்கடப்பட்டு நிறுத்தினார். அவருக்கும் தெரியும். அவருடைய டேப் துணி டேப். ஊரிலுள்ள எல்லா வீட்டுச் சாக்கடையையும் அளந்த துணி.

அத்தை அந்தத் துணியைப் பார்த்தாள். கையை நீட்டி வாங்கி, சுவரோடு சேர்த்து அழுத்திப் பிடித்தாள். "ம், அளங்கோ" என்றாள்.

அவர் அளந்தார். முகம் சுருங்கியது. "இடம் பத்தாதுங்களே. பிளான்ல பின்னாடி பூரா திறந்தவெளின்னு போட்டிருக்கு. இங்க தகரக் கொட்டகை நிக்குது. மேல கூரை இருந்தா அது வெளி இல்லீங்க."

அந்தக் கொட்டகை அத்தையுடையது. அவளுடைய விறகு, அவளுடைய தண்ணீர்க் குடம், மத்தியானம் அவள் தலை சாய்க்கும் பலகை எல்லாம் அதில்தான். அந்த நீள வீட்டில் அவளுக்கென்று இருந்த இடம் அது ஒன்றே. பிளானில் நான் அதைப் போடவே மறந்திருந்தேன். ஜன்னலுக்கெல்லாம் கணக்குப் பார்த்த எனக்கு, தினமும் கண்ணால் பார்க்கிற கொட்டகை தெரியவில்லை.

"இதை எடுத்துட்டா எழுதிக் குடுப்பேளா?" என்று அத்தை கேட்டாள்.

"எடுத்துட்டா எழுதிடறேங்க. எப்ப எடுப்பீங்க? நான் இன்னொரு தடவை வந்து..."

"இன்னொரு தடவை எதுக்கு? இருங்கோ. ஒரு டம்ளர் மோர் சாப்பிடுங்கோ."

டேப்பை விட்டுவிட்டு, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, விறகை எடுத்து வெளியே போட ஆரம்பித்தாள். அண்ணா எங்கிருந்தோ ஓடிவந்தான். "நீங்க விடுங்கோ அத்தை, நான் எடுக்கறேன்." "தள்ளிப்போடா, மேல படாதே." இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு இழுத்தார்கள். ஓவர்சியர் மோர் டம்ளரோடு நின்று பார்த்தார். மோர் தீருமுன் தகரம் தரையில் கிடந்தது.

அத்தையின் பலகை நெல் மூட்டை இருந்த உள்ளுக்குப் போயிற்று. மூட்டைகள் கூடத்துக்கு வந்தன. அதற்கப்புறம் ரொம்ப நாள் அப்பா மூட்டைக்குப் பக்கத்தில்தான் தூங்கினார். மெத்தென்று இருக்கிறதென்று சொல்லிக்கொண்டார்.

ஆவணி ஒண்ணாந்தேதி

ஆடி முடிய இரண்டு நாள் இருக்கும்போது அனுமதி உத்தரவு வந்தது. நிபந்தனைகள் வரிசையாக. எனக்கு அதைவிட ருசியான வாசிப்பு கிடையாது. மூன்று தடவை உரக்கப் படித்தேன்.

ஆனால் அது காகிதம்தான். செங்கல் வர வேண்டும், மேஸ்திரி வர வேண்டும். அறை எழும்பத் தை மாதம் ஆகிவிடும். தென்னூரில் சுவரும் கதவும் தாழ்ப்பாளும் தயாராக இருந்தன. ஆவணி ஒண்ணாந்தேதி சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். "அவ வரட்டும். அவ என்ன சொல்றாளோ அது" என்றான் அண்ணா.

ஒண்ணாந்தேதி காலை, மன்னி பிறந்தகத்திலிருந்து வருவதற்குமுன் அரிசி மாவைக் கரைத்து எடுத்துக்கொண்டு நான் மொட்டை மாடிக்குப் போனேன். அறையை முழு அளவில் இழைக் கோலமாகத் தரையில் போட்டேன். இரட்டைக் கோடு சுவர். கோடு விட்ட இடம் வாசல். ஜன்னலுக்கு மூன்று கோடு. அந்த மொட்டை மாடி வீதியிலுள்ள எல்லாருக்கும் பொது வழி மாதிரி. கைப்பிடிச் சுவரைத் தாண்டி யார் வேண்டுமானாலும் வருவார்கள், போவார்கள். ஈரக் கோலத்தைப் பார்த்ததும் ஒதுங்கிப் போனார்கள்.

மன்னி வந்து, கால் அலம்பி, சேவித்து எழுந்ததும் மாடிக்குக் கூட்டிப்போனேன். அண்ணா பின்னாலேயே வந்தான்.

மன்னி கோலத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். கோடு விட்ட இடத்தைக் கண்டுபிடித்து, அதன் வழியாக உள்ளே போனாள். அண்ணா குறுக்கே கோட்டைத் தாண்டி வந்தான்.

"ஐயோ, சுவர்ல நடந்து வரேளே!"

அண்ணா அசடு வழிய வெளியே போய், வாசல் வழியாக வந்தான். மன்னி நடுவில் உட்கார்ந்தாள். கொல்லைப்பக்கமிருந்து காற்று வந்தது. "ஜன்னல் இந்தப் பக்கம்தானே?" என்று என்னைக் கேட்டாள். ஆமாம் என்றேன்.

"அப்போ தென்னூர்க்காரருக்கு வேண்டாம்னு சொல்லிடுங்கோ" என்றாள் அண்ணாவிடம்.

நான் கீழே இறங்கினேன். அதற்குள் சித்தப்பா பிள்ளைகள் மூன்றும் மன்னியைப் பார்க்க மாடிப்படியை நோக்கி ஓடிவந்தன. முதல் படியில் அத்தை குறுக்கே உட்கார்ந்திருந்தாள்.

"யாரும் மேல போகப்படாது" என்றாள். "அவா ரூம்ல பேசிண்டிருக்கா."